அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதீங்க!

வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து மாசக்கணக்கில் மருத்துவ விடுப்பு என்றால், முதலில் வருகிற பயம் "வேலை போயிடுமோ" என்பதுதான். அரசு ஊழியரான என் நாத்தனார் கணவரிடம், "விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துடுங்க" என்று ஆபீசிலேயே சொன்னார்களாம். நல்லவேளை, நாத்தனார் சம்மதிக்கவில்லை.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20-வது பிரிவு சொல்வது இதுதான்: பணியில் இருக்கும்போது உடல் குறைபாடு ஏற்பட்டவரை அரசு நிறுவனங்கள் நீக்கவோ, பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால், அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். அதுவும் இல்லையென்றால், இடம் கிடைக்கும் வரையோ, ஓய்வு வயது வரையோ, கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பஞ்சாப் மின்வாரியத்தில் பார்வை இழந்த ஊழியர் ஒருவர், இதுபோன்ற உரிமை பழைய 1995-ம் ஆண்டு சட்டத்திலேயே இருப்பது தெரியாமல் ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். 2008-ல் சுப்ரீம் கோர்ட் அவரை மறுபடி சேர்க்கச் சொன்னது. அதற்குள் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிப்போச்சே! அந்தக் குடும்பம் என்ன பாடு பட்டிருக்கும்?

தனியார் கம்பெனி ஊழியர்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்பதுதான் வருத்தம். அவர்களுக்கும் நோய் வரத்தானே செய்கிறது? அரசு இதை யோசிக்க வேண்டும்.

அரசு ஊழியர் வீட்டுச் சகோதரிகளே, முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்குங்கள். மாற்றுப் பணி கேட்டு மனு கொடுங்கள். யார் அவசரப்படுத்தினாலும் ஓய்வுக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட விடாதீங்க!

– ஒரு வாசகி, திருச்சி