ஈஸ்டர் உண்டியலும் ஏழைப் பிள்ளையும்

ஈஸ்டர் பண்டிகைக்கு முன்னே வருகிற, ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலான நாற்பது நாட்களைக் கத்தோலிக்கர்கள் தவக்காலம் என்கிறார்கள். விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலைப் பூசிக்கொண்டு ஆரம்பித்து, குருத்தோலை ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளி என்று கடந்து, செத்தவர் மூன்றாம் நாள் எழுந்து வந்தார் என்று நம்புகிற ஞாயிறோடு இது முடிகிறது. இந்த நாட்களில் ஒரு கத்தோலிக்கர் செய்யவேண்டியதாகச் சொல்லப்படுபவை மூன்று. ஜெபம் ஒன்று, உபவாசம் ஒன்று, தர்மம் ஒன்று. வயது வந்தவர்கள் இவற்றைச் செய்வதும் செய்யாமலிருப்பதும் அவரவர் இஷ்டம். அதில் நமக்கு வேலையில்லை. ஆனால் இந்த மூன்றும் ஆரம்பப் பள்ளிக்கூடத்திற்குள்ளும் நுழைகின்றன. ஐந்து வயதுக் குழந்தையும் பத்து வயதுக் குழந்தையும் வெள்ளிக்கிழமையில் சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளுக்கும் மண்டியிட்டு எழுந்திருக்கின்றன. மிட்டாய் வாங்குகிற காசை மிச்சம் பிடித்து ஏழைகளுக்கென்று உண்டியலில் போடச் சொல்லப்படுகின்றன. ஆகையால், இது பள்ளிக்கூடத்தைப் பற்றிய சங்கதியுமாகிறது. பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச எல்லோருக்கும் பாத்தியம் உண்டு.

முதலில் நல்லதை நல்லது என்று ஒப்புக்கொண்டு விடுவோம். தன்னிடம் இருப்பதில் ஒரு பாகத்தை இல்லாதவனுக்குக் கொடு என்று ஒரு குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது எந்தப் பகுத்தறிவுக்கும் விரோதமானதல்ல. குடம் குடமாய்ப் பாலைக் கல்லின் தலையில் கொட்டு என்று சொல்லிக் கொடுப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேலானது. கத்தோலிக்க ஆயர்கள் 1962-ல் ஏற்படுத்திய காரித்தாஸ் இந்தியா என்னும் ஸ்தாபனம் தவக்காலத்தில் பசியையும் நோயையும் எதிர்ப்பதற்கென்று பணம் திரட்டி வருகிறது. அன்றியும், நம் நாட்டில் தீண்டப்படாதவன் என்று ஒதுக்கப்பட்டவனுடைய பிள்ளை பள்ளித் திண்ணையை மிதித்தாலே தீட்டு என்றிருந்த காலத்தில், அந்தப் பிள்ளையை உள்ளே அழைத்துப் பலகையைக் கையில் கொடுத்தவர்களில் பாதிரிமார்களும் கன்னியாஸ்திரீகளும் இருந்தார்கள் என்பதை மறைப்பது நன்றிகெட்ட காரியமாகும். அவர்களைப் பரிகாசம் செய்யும் தோழர் ஒருவர் இருந்தால், தம் ஊரில் தாம் எத்தனை பிள்ளைகளைப் படிக்க வைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

நிற்க. கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் கத்தோலிக்கப் பிள்ளைகள் அல்ல. தமிழ்நாட்டில் அரசாங்க உதவி பெறும் கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிகளில் இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாகவே உட்கார்ந்து படிக்கிறார்கள். கட்டடம் திருச்சபையினுடையது என்றாலும், அங்கீகரிக்கப்பட்ட உபாத்தியாயர்களின் சம்பளம் பொதுப் பணத்திலிருந்து வருகிறது. அந்தப் பணத்தில் சர்ச்சுக்குப் போகிறவன் வரியும் உண்டு, மசூதிக்குப் போகிறவன் வரியும் உண்டு, எங்குமே போகாதவன் வரியும் உண்டு. இந்த மாதிரி இடத்துக்கு இந்திய அரசியல் சட்டத்தின் 28-வது விதி தெளிவாக ஒரு வழி சொல்லியிருக்கிறது. அரசாங்கத்தால் அங்கீகரிக்கப்பட்ட அல்லது அரசாங்கப் பணம் பெறுகிற பள்ளிக்கூடத்தில் யாரையும் மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக்கூடாது. மைனராயிருந்தால் அவனைக் காக்கிற பெற்றோரின் சம்மதம் வேண்டும். இதுதான் சட்டம். இந்தச் சட்டத்தைப் பிள்ளையைச் சேர்க்க வருகிற கூலிக்காரத் தகப்பனுக்கு எடுத்துச் சொல்லுகிறவர் எத்தனை பேர்? அவன் கேளாமலிருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? இடம் கிடைத்தால் போதும் என்று கைகட்டி நிற்கிறவனுடைய மௌனம் பயமே தவிர, சம்மதம் ஆகாது.

இனி உண்டியலுக்கு வருவோம். ஒரே பெஞ்சில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையின் தகப்பனார் கடை வைத்திருக்கிறார். மற்றதன் தாயார் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். இரண்டு பிள்ளைகளின் கையிலும் ஒரே மாதிரி அட்டை உண்டியலைக் கொடுத்து, குருத்தோலை ஞாயிற்றுக்குள் நிரப்பிக்கொண்டு வா என்றால் என்ன நடக்கும்? கடைக்காரர் பிள்ளை ஒரே நாளில் நிரப்பிவிடும். மற்றப் பிள்ளைக்கு மிட்டாய்க் காசே கிடையாது. அது எதை விட்டுக்கொடுத்து மிச்சம் பிடிக்கும்? வீட்டில் அழுது அடம்பிடித்தால் தாயார் அரிசி வாங்க வைத்திருந்த காசை எடுத்துக் கொடுப்பாள். கொடுக்க முடியாவிட்டால் அந்தப் பிள்ளை காலி உண்டியலோடு தலை குனிந்து வகுப்புக்கு வரும். அப்பொழுது எந்த வகுப்பு அதிகம் சேர்த்தது, எந்தப் பிள்ளை அதிகம் போட்டது என்று பெயர் வாசித்துக் கைதட்டினார்களானால், அங்கே தர்மத்தின் பெயரால் குழந்தைகள் கற்றுக்கொள்ளுவது பணக்காரன் உயர்ந்தவன் என்கிற பழைய பாடத்தைத்தான்.

நாம் சொல்லுவதை ஒப்புக்கொள்ள வேண்டாம். அவர்களுடைய வேதத்தையே எடுத்துப் பார்க்கட்டும். விபூதிப் புதன் அன்று கோவிலில் வாசிக்கப்படுகிற மத்தேயு சுவிசேஷத்தின் 6-வது அதிகாரம் என்ன சொல்லுகிறது? தர்மம் செய்கிறவன் தம்பட்டம் அடிக்கக்கூடாது, ஒரு கை கொடுப்பது மற்றொரு கைக்குக்கூடத் தெரியவேண்டாம் என்பதுதானே அதன் சாரம்? புதன்கிழமை இதை வாசித்துவிட்டு, வெள்ளிக்கிழமை பெயர்ப் பட்டியல் வாசிப்பதற்குப் பள்ளிக்கூடம் என்ன சமாதானம் சொல்லும்? பிள்ளைகளுக்கு எதிரில் ஒரு பெட்டியை வைத்து, போட்டவன் யார், போடாதவன் யார் என்று எவருக்கும் தெரியாதபடி விட்டுவிடுகிற பள்ளிகள் இருக்குமானால், அவை நம்முடைய கண்டனத்துக்கு உரியவை அல்ல. மற்றவை அவற்றைப் பார்த்துத் திருந்தட்டும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்றிருக்கிறது. உண்டியல் கொடு என்று கற்பிக்கிறது; ஏன் இல்லை என்று கேட்கக் கற்பிப்பதில்லை. ஏழை என்று ஒருவன் எப்படி ஏற்பட்டான்? கடவுள் சித்தமா, முன் செய்த பாபமா, அல்லது அவனுக்கு நிலமில்லாமல் செய்ததும், படிப்பில்லாமல் செய்ததும், கூலியைக் குறைத்ததும் மனிதர்களுடைய வேலையா? இந்தக் கேள்வி வராத இடத்தில் தர்மம் வளரும், தரித்திரமும் கூடவே வளரும். கொடுக்கிறவனுக்குப் புண்ணியம் கிடைக்கவேண்டுமானால் வாங்குகிறவன் ஒருவன் என்றைக்கும் இருந்துகொண்டேயிருக்க வேண்டும் அல்லவா? அந்த ஏற்பாடு மோட்சத்துக்குப் போகிறவனுக்கு லாபம். பசித்திருக்கிறவனுக்கு என்ன லாபம்?

பிச்சை வேறு, உரிமை வேறு என்பதற்கு வெகுதூரம் போய் அத்தாட்சி தேட வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளையின் சோற்றையே எடுத்துக்கொள்ளுவோம். 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிட்டுப் பகலுணவு போடத் தீர்மானித்தது. 1956-ல் காமராசர் ஆட்சியில் அது நாடெங்கும் பரவிற்று. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022-ல் அரசாங்க ஆரம்பப் பள்ளிகளில் காலை உணவும் ஆரம்பமாயிற்று. இவற்றையெல்லாம்விட நம் விஷயத்துக்குப் பொருத்தமானது வேறொன்று. அந்தக் காலை உணவை உதவி பெறும் பள்ளிகளுக்கும் விஸ்தரித்தபோது, 2024 ஜூலையில் கிராமங்களுக்கான ஆரம்பவிழா நடந்த இடம் திருவள்ளூர் ஜில்லா கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் ஆரம்பப் பள்ளி. 2025 ஆகஸ்டில் நகரங்களுக்கான ஆரம்பவிழா நடந்த இடம் மயிலாப்பூர் புனித சூசையப்பர் ஆரம்பப் பள்ளி. இரண்டும் கிறிஸ்தவப் புனிதர்களின் பெயர் தாங்கிய பள்ளிகளே. அங்கே இலையில் விழுந்த உணவுக்காக எந்தப் பிள்ளையும் முழங்காலிடவில்லை. எந்தப் பிள்ளையும் இன்னார் போட்ட பிச்சை என்று நன்றி சொல்லவில்லை. கடைக்காரர் பிள்ளையும் பாத்திரம் தேய்ப்பவள் பிள்ளையும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சமத்துவத்தைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பிரசங்கம் எது?

பெரிய வியாழனன்று இன்னொரு சடங்கு உண்டு. குருவானவர் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவித் துடைக்கிறார். 2013-ல் போப் பிரான்சிஸ் ரோமாபுரியில் சிறுவர் சிறைச்சாலைக்கே போய்ப் பெண்கள், முஸ்லிம் என்ற வித்தியாசம் பாராமல் கால்களைக் கழுவினார். 2016-ல் பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதியே மாற்றப்பட்டது. இது மெச்சத்தக்கதுதான். ஆனால் நம் தேசத்தில் கால் கழுவப்பட்டவன் மறுநாள் எங்கே நிற்கிறான் என்று பார்க்கவேண்டும். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோவிலில் ஜாதிக்கொரு பக்கமாக உட்கார வைக்க நடுவில் சுவர் எழுப்பியிருந்தார்கள். அது 1910-ல்தான் இடிக்கப்பட்டது. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து எறையூரில் தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று கேட்டதையொட்டி 2008 மார்ச் 9-ல் ஒரே சிலுவையைக் கும்பிடுகிறவர்களுக்குள் கலகம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் இரண்டு பேர் மாண்டார்கள். அந்த வருஷத்து ஈஸ்டர் மார்ச் 23-ந் தேதி. அதாவது, தவக்காலத்தின் நடுவிலேயே இது நடந்தது! சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டது யோக்கியமான காரியம். ஆனால் ஒப்புக்கொண்ட பாபத்துக்குப் பரிகாரம் உண்டியலில் விழும் காசு ஆகுமா?

ஆகவே, நாம் சொல்லுவது பள்ளியை மூடு என்பதல்ல. உண்டியலை உடை என்பதுமல்ல. செய்யக்கூடியவை சில இருக்கின்றன. பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் எந்தப் பிள்ளையையும் சிலுவைப் பாதைக்கோ பூசைக்கோ அழைத்துப் போகக்கூடாது. போகாத பிள்ளை அந்த நேரத்தில் கதைப் புஸ்தகம் படிக்கட்டும். காசு போட்டவர் பெயரை வாசிப்பது அடியோடு நிற்கவேண்டும். சேர்ந்த பணம் எவ்வளவு, யாருக்குப் போயிற்று என்கிற கணக்கைப் பிள்ளைகளுக்கே கரும்பலகையில் எழுதிக் காட்டவேண்டும். அது கணக்குப் பாடமாகவும் இருக்கும், நாணயப் பாடமாகவும் இருக்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, இந்தக் காசு வாங்குகிறவர் ஏன் ஏழையானார் என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால், உட்காரு என்று சொல்லாமல் பதில் சொல்லவேண்டும்.

பெற்றோரான தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்துக் கதவு உங்கள் பிள்ளைக்குத் திறந்தது யாருடைய தயவினாலும் அல்ல. அதில் உங்கள் வரியும் இருக்கிறது, உங்கள் பாட்டன் பட்ட அவமானமும் இருக்கிறது. ஆகையால் கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல், நிமிர்ந்து நின்று மரியாதையாகக் கேளுங்கள். அடுத்த தவக்காலத்தில் உங்கள் குழந்தை உண்டியலைக் கையில் கொண்டுவந்தால், முடிந்ததைப் போடுங்கள். முடியாவிட்டால் முடியாது என்று வெட்கமில்லாமல் சொல்லுங்கள். ஆனால் அன்றிரவு அந்தக் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, நம் தெருவில் இன்று சாப்பிடாமல் படுத்தவர் யார், ஏன் என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் குழந்தை யோசிக்க ஆரம்பித்துவிட்டால், உண்டியல் தேவைப்படாத காலம் ஒன்று வரும் என்பதே நமது அபிப்பிராயம்.