ஸ்பானியம் கற்க ஆங்கிலம் எதற்கு?

ஸ்பானிய மொழியில் நாலு வார்த்தை பேச விரைவாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்பவருக்கு நம் சூழலில் கிடைக்கும் முதல் அறிவுரை, முதலில் உன் ஆங்கிலத்தைச் சரிசெய்துகொள் என்பதுதான். பாடநூல்களும் வகுப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலம் வழியே நடப்பதால் இந்த அறிவுரை நியாயமானது போலவும் தோன்றிவிடுகிறது. செவிலிமேட்டில் தமிழ்வழியில் படித்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவர், கோயில் பார்க்கவும் பட்டு வாங்கவும் காஞ்சிக்கு வரும் வெளிநாட்டாரிடம் அவர்கள் மொழியிலேயே பேச விரும்பினால், அவர் கடக்க வேண்டியவை இரண்டு மொழிகள். முதல் மொழியிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். இந்தச் சுற்றுவழி தேவையற்றது மட்டுமன்று, ஸ்பானிய மொழியைக் கடினமாக்கிக் காட்டுவதும் அதுவே என்று நாம் கருதுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. 'மே குஸ்தா லா செதா' என்றால் எனக்குப் பட்டு பிடிக்கும் என்று பொருள். 'ஐ லைக் சில்க்' என்று பழகிய மாணவருக்கு இந்த வாக்கியம் தலைகீழாகத் தெரியும். 'நான்' எங்கே போயிற்று, பட்டு எப்படி எழுவாய் ஆயிற்று என்று ஆசிரியர் ஒரு மணி நேரம் விளக்குவார். தமிழருக்கு விளக்க என்ன இருக்கிறது? 'எனக்கு' என்பது 'மே'. பிடிப்பது பட்டு. 'மே துவேலே லா காபெசா' என்பதும் அப்படியே: எனக்குத் தலை வலிக்கிறது.

இதைவிட வியப்பானது ஒன்றுண்டு. வீடு தேடுகிறேன் என்கிறோம். மரியாவைத் தேடுகிறேன் என்கிறோம். மரியா தேடுகிறேன் என்று எவரும் சொல்வதில்லை. உயர்திணைக்கு 'ஐ' உருபு கட்டாயம், அஃறிணைக்கு வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம் என்பது நம் வழக்கு. ஸ்பானியர் 'பூஸ்கோ காசா' என்று வீடு தேடுகிறார்கள். மரியாவைத் தேடும்போது 'பூஸ்கோ ஆ மரியா' என்று நடுவில் ஓர் 'ஆ' வைக்கிறார்கள். ஆங்கிலம் வழி கற்பவரைத் திணறடிக்கும் இந்த 'ஆ', திணை அறிந்தவருக்கு விளையாட்டு. வினைமுற்றிலேயே எழுவாய் அடங்கிவிடுவதையும் (ஆப்லோ, பேசுகிறேன், ஆப்லாமோஸ், பேசுகிறோம்), 'து', 'உஸ்தேத்' என்று நீயும் நீங்களும் பிரிந்து நிற்பதையும் தனியே சொல்ல வேண்டியதில்லை.

செவிலிமேட்டாருக்குத் தெரிந்த கதை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. விந்தியக் காட்டில் தனித்துவிடப்பட்ட இராமானுசருக்கு ஒரு வேடனும் வேடுவச்சியும் வழித்துணையானார்கள். விடிந்ததும் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போன கிணற்றடியில், இது எந்த ஊர் என்று அவர் விசாரித்தபோதுதான் காஞ்சியின் வாசலிலேயே தாம் நிற்பது தெரிந்தது என்கின்றன குருபரம்பரை நூல்கள். அந்தச் சாலைக்கிணறு செவிலிமேட்டில் இருக்கிறது. ஸ்பானிய மொழியை நெடுந்தொலைவில் வைத்து அஞ்சுகிற தமிழரும் ஏறக்குறைய அந்தக் கிணற்றடியில்தான் நிற்கிறார் என்று நமக்குப் படுகிறது.

வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர், இரு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி மன்றாட்டுகளைத் தமிழாக்கச் செய்து, அவற்றை மனப்பாடமாக ஒப்பித்தார். சில ஆண்டுகள் கழித்து அதே கரைக்கு வந்த போர்த்துகீசியரான அன்றிக்கே அன்றிக்கசு, தமக்குத் தெரிந்த லத்தீன் இலக்கண முறையில் தமிழை வகுத்துப் பார்த்தார். தம் தாய்மொழியிலேயே தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது அவர் உழைப்பால். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போனவர் அவர். காஞ்சித் தெருக்களில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகக் கொண்ட நெசவுக் குடும்பங்கள் தமிழ் பேசப் பழகியதும் மூன்றாவது மொழி ஒன்றின் வழியாக அல்லவே.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பானிய 'த' பல்லைத் தொடும் நம் தகரமே. ஆங்கிலம் வழி வந்ததால்தான் நாம் அங்கே டகரம் போடுகிறோம். 1605இல் முதற்பாகம் வெளியான செர்வாந்தேசின் நாவலை 'டான் குவிக்ஸாட்' என்று எழுதிப் பழகிவிட்டோம். அவன் தோன் கிஹோத்தே. லத்தீன் அமெரிக்கப் படைப்புகளைப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே மொழிபெயர்த்துக்கொண்ட நம் சிற்றிதழ் மரபு, எழுத்தாளர் பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதியதன் காரணமும் இதுவே. சொற்களிலும் நமக்கு ஒரு முதல் இருப்பு உண்டு. போர்த்துகீசியர் விட்டுச்சென்ற மேசை, அலமாரி, பாதிரி, ஈழத்தாரின் சப்பாத்து ஆகியவை ஸ்பானியத்தில் மேசா, அர்மாரியோ, பாத்ரே, சபாத்தோ.

எல்லாம் எளிது என்று சொல்லி 'முப்பது நாட்களில்' வகைப் புத்தகம் விற்க நாம் வரவில்லை. வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின் வரும் மொழியிலிருந்து, முன்னிடைச் சொற்கள் கொண்ட மொழிக்குப் போகும்போது நாக்கு தடுமாறும். 'காஞ்சியிலிருந்து' என்பது 'தே காஞ்சி' ஆகிவிடுகிறது. 'இது பட்டு' என்று வினையில்லாமல் முடித்துவிடும் பழக்கம் செல்லாது. 'எஸ்' ஒன்று நடுவில் வேண்டும். அந்த இருத்தல் வினையும் அங்கே இரண்டு வகை.

பெரிய இடர் பால் பாகுபாடு. பொருளைப் பார்த்துப் பால் சொல்லும் நமக்கு, உயிரற்றவற்றுக்கெல்லாம் ஆண், பெண் என்று வகுத்த மொழி புதிராகவே இருக்கும். விதியைத் தேடிக்கொண்டிராமல், முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பெயரையும் அதன் முன்னொட்டோடு சேர்த்துச் சொல்லிப் பழகுவதே வழி. செவிலிமேட்டு மாணவர் தம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். தறி ஆண்பால், எல் தெலார். நூல் ஆண்பால், எல் ஈலோ. சாயமும் அப்படியே, எல் தின்தே. பட்டு மட்டும் பெண்பால், லா செதா.