கதையைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் மாணவர்கள்

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கு மீண்டும் மீண்டும் விசாரணைக்கு வருகிறது. வக்கீல் ஒரு மாணவி. சாட்சி ஒரு மாணவன். ஜூரிகள் 12 பேரும் அதே வகுப்புப் பிள்ளைகள்!

அது ஒரு நாவலில் வரும் வழக்கு. நாவலின் பெயர் "டு கில் எ மாக்கிங்பேர்ட்". எழுதியவர் ஹார்ப்பர் லீ என்ற பெண்மணி. 1960-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது.

மாக்கிங்பேர்ட் என்பது ஒரு பாட்டுப் பறவை. யாருக்கும் தீங்கு செய்யாதது. அதைக் கொல்வது பாவம் என்பதுதான் தலைப்பின் உட்பொருள்.

கதை என்ன?

1930-களில், அலபாமா மாநிலத்தில் ஒரு சிற்றூர். டாம் ராபின்சன் ஒரு கறுப்பர். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியைப் பலாத்காரம் செய்ததாக அவர் மீது பொய்க் குற்றம் சாட்டப்படுகிறது. ஆட்டிகஸ் பிஞ்ச் என்ற வெள்ளைக்கார வக்கீல் அவருக்காக வாதாடுகிறார். வக்கீலின் சின்ன மகள்தான் கதையைச் சொல்கிறாள். ஜூரிகள் எல்லோரும் வெள்ளையர்கள். "குற்றவாளி" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

இந்த நாவலைப் பெரும்பாலும் 14, 15 வயதுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். படித்தபின் கட்டுரை மட்டும் எழுதச் சொன்னால் என்ன ஆகும்? சினிமாவைப் பார்த்து எழுதலாம். கதைச் சுருக்கத்தைப் பார்த்து எழுதலாம். இப்போது கம்ப்யூட்டரே ஒரு நிமிடத்தில் எழுதித் தந்துவிடும். புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம்!

அதனால்தான் ஆசிரியர்கள் பல செயல் வேலைகளைக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் அந்த ஊரின் வரைபடம் போடுகிறார்கள். அந்த ஊரின் செய்தித்தாளைத் தயாரிக்கிறார்கள். கோர்ட்டு விசாரணையை நடத்துகிறார்கள்.

எந்தக் கை?

விசாரணைதான் இவற்றில் சிறந்தது. ஏன்?

பெண்ணின் முகத்தில் காயம். எந்தப் பக்கம்? ஷெரீப் முதலில் இடது பக்கம் என்கிறார். பிறகு, வலது பக்கம் என்று திருத்துகிறார். அப்படியானால் எதிரே நின்று அடித்தவர் இடது கையால் அடித்திருக்க வேண்டும். டாம் ராபின்சனின் இடது கையோ சிறு வயதிலேயே பஞ்சாலை எந்திரத்தில் சிக்கி ஊனமானது. பெண்ணின் தகப்பன் இடது கையால் எழுதுகிறவன்!

வக்கீலாக நிற்கும் மாணவி இதைக் கண்டுபிடிக்க வேண்டும். மேலோட்டமாகப் படித்தால் கிடைக்காது. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்க வேண்டும். செயல் வேலையின் வெற்றி இதுதான்.

வகுப்பு ஜூரிகள் "குற்றமற்றவர்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நல்ல ஆசிரியர் அங்கே நிறுத்துவதில்லை. "சாட்சியம் ஒன்றுதானே! கதையில் வரும் 12 பேர் ஏன் வேறு தீர்ப்புச் சொன்னார்கள்?" என்று கேட்பார்.

அந்தக் கேள்வி பிள்ளைகளைச் சரித்திரத்துக்கு அழைத்துப் போகிறது. 1931-ல் அதே அலபாமாவில் 9 கறுப்பின இளைஞர்கள் மீது இப்படி ஒரு குற்றச்சாட்டு வந்தது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரிகள் அவர்களில் 8 பேரைக் குற்றவாளிகள் என்றார்கள். பிறகு, புகார் சொன்ன இரு பெண்களில் ஒருத்தி தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டாள். கறுப்பர்களை ஜூரியில் சேர்க்காமல் ஒதுக்குவது சட்டவிரோதம் என்று 1935-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கதையும் நிஜமும் அருகருகே நிற்கின்றன.

மனம் புண்படலாமா?

ஆனால் இதில் ஆபத்தும் உண்டு. கதையில் கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் வசைச்சொல் பல இடங்களில் வருகிறது. வகுப்பில் ஒரே ஒரு கறுப்புப் பையன் இருக்கிறான் என்று வையுங்கள். "நீதான் டாம் ராபின்சன்" என்று அவனைக் கூண்டில் நிறுத்தினால் அவன் மனம் என்ன பாடுபடும்? மற்றவர்களுக்கு அது நாடகம். அவனுக்கு அவமானம்.

வாஷிங்டன் மாநிலத்தின் முக்கில்டியோ பள்ளிகளில் ஆசிரியர்களே ஆட்சேபம் தெரிவித்தார்கள். கறுப்பர்கள் வாய் திறவாதவர்களாகவும், வெள்ளைக்காரர் மட்டும் ரட்சகராகவும் கதையில் வருகிறார்கள் என்பது அவர்கள் கூறிய குறை. 2022 ஜனவரியில் அது கட்டாயப் பாடப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தடை செய்யப்படவில்லை. விரும்பும் ஆசிரியர் நடத்தலாம்.

அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. அதற்கும் செயல் வேலையிலேயே வழி உண்டு. வக்கீலின் வீட்டில் வேலை செய்யும் கல்பூர்னியா கறுப்பினப் பெண். தீர்ப்பு வந்த அன்று இரவு அவள் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? டாமின் மனைவி ஹெலன் என்ன நினைத்திருப்பாள்? பிள்ளைகள் அதை எழுதட்டும். நாவல் சொல்லாமல் விட்டது எது என்று அப்போது புரியும். யாரையும் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

அட்டையில் ஊர் செய்வதும், கலர் பூசுவதும் அழகுதான். ஆனால், அதைப் புத்தகம் படிக்காமலே செய்துவிட முடியுமானால் அது பாடம் ஆகாது. வீட்டில் பிள்ளை இப்படி ஒரு வேலையைக் கொண்டுவந்தால் தாய் தகப்பனார் ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: "இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது? காட்டு, பார்ப்போம்!"