ஆற்றில் போட்டது குளத்தில் வந்தது

எங்கள் ஊர்க் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். திருமுதுகுன்றத்தில், அதாவது இன்றைய விருத்தாசலத்தில், சுந்தரருக்குச் சிவபெருமான் 12,000 பொன் கொடுத்தார். இவ்வளவையும் தூக்கிக்கொண்டு திருவாரூர் வரைக்கும் எப்படிப் போவது? 'இங்கே மணிமுத்தாற்றில் போடு, அங்கே கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்' என்று உத்தரவாயிற்று. போட்டார், எடுத்தார். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுவது என்று நாம் கேலியாகச் சொல்வது எங்கள் ஊரில் நிஜமாகவே நடந்த சங்கதி என்று என் பாட்டி பெருமையாகச் சொல்வார்.

சென்ற மார்கழியில் எனக்கும் அது நடந்தது. ஆனால் நான் போட்டது பொன் இல்லை, இருமல்.

பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தின் சூளைப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். சீனக்களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மூன்றையும் அரைத்துக் கலக்கிற இடத்தில் தூசிக்குக் குறைவிருக்காது. அந்தச் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்தால் வருகிற நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். வேலையை விட்டுப் பல வருடம் கழித்துக்கூட அது தலைகாட்டும். மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லை என்றதும் எனக்கு முதலில் வந்த பயம் அதுதான்.

மனைவியிடம் சொல்லவில்லை. ஏற்கனவே ரத்தக்கொதிப்புக்காரர். டாக்டரைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று, ராத்திரி அவர் தூங்கிய பிறகு கணினியில் உட்கார்ந்து தேடினேன். நோயின் அறிகுறி என்ன, வைத்தியம் உண்டா, எத்தனை வருடம் தாங்கும் என்று என்னென்னவோ தேடினேன். சில வீடியோக்களும் பார்த்தேன்.

மறுநாள் காலையில் மனைவி வழக்கம்போல் கோலம் பார்க்க டி.வி.யைப் போட்டார். தீபாவளிக்கு வந்த மகன் அந்த டி.வி.யில் என் மெயில் கணக்கைத்தான் போட்டுவிட்டுப் போயிருந்தான். கோல வீடியோக்களுக்கு நடுவே வரிசையாக நுரையீரல் படங்கள், தூசி நோய், ஆக்ஸிஜன் சிலிண்டர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள்தான் கேட்டார்: "ஏங்க, எங்கிட்ட சொல்லக்கூடாத அளவுக்கா உங்க உடம்புக்கு வந்திருக்கு?"

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், தூசி நோய் இல்லை, ஒவ்வாமை இருமல்தான் என்று மருந்து கொடுத்தார். இருமல் போய்விட்டது. அந்த இரண்டு நாளை மட்டும் அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

மகனிடம் சொன்னபோது, "அப்பா, இதுக்கெல்லாம் இன்காக்னிட்டோல போகணும்பா" என்றான். பிரைவேட் விண்டோ என்பதும் அதுதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்பாக ஒரு ஜன்னல் திறக்கும். நானும் மறுவாரம் அப்படித்தான் செய்தேன். கறுப்பு ஜன்னலைத் திறந்து, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்க மெயிலுக்குள் போனேன். பக்கத்திலேயே இன்னொரு டேப் திறந்து, முடிவில் இருந்த ஒரு வார்த்தையைத் தேடி அதற்கு வீடியோவும் பார்த்தேன். மறுநாள் டி.வி.யில் மறுபடியும் அதே ஊர்வலம்! மகன் ஃபோனில் சிரித்தான்: "மெயிலைத் திறந்தப்பவே நீங்க யாருன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் ஜன்னல் கறுப்பா இருந்தா என்ன, வெள்ளையா இருந்தா என்ன?"

அப்போதுதான் எனக்கு என் பழைய தொழில் ஞாபகம் வந்தது. விறகும் எண்ணெயும் எரித்த காலத்தில், பொம்மையைச் சூளையில் அப்படியே அடுக்க மாட்டோம். புகையும் சாம்பலும் பட்டுக் கறையாகிவிடும். அதனால் தீக்களிமண்ணில் செய்த பெட்டிக்குள் வைத்து மூடி அடுக்குவோம். சாகர் என்று அதற்குப் பெயர். வெளிப்புகை படாமல் இருக்க அது போதும். ஆனால் பெட்டிக்கு உள்ளே என்னென்னவற்றைச் சேர்த்து வைக்கிறோம் என்பது தனி விஷயம். பச்சைப் பூச்சுக்குக் குரோமியம் ஆக்சைடு சேர்ப்பார்கள். சூட்டில் அது கொஞ்சம் ஆவியாகும். பக்கத்தில் வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சுள்ள பொம்மை இருந்தால், அதன் மேல் படிந்து ரோஜா நிறமாக்கிவிடும். புதிதாக வந்த பையன் ஒருவன் பச்சைக் கிளியையும் வெள்ளைப் பிள்ளையாரையும் ஒரே பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் கன்னம் சிவந்த பிள்ளையாரை எடுத்துக்கொண்டு திருதிருவென்று நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான் செய்ததும் அதேதான். பெட்டி சரி. ஆனால் மெயிலையும் மருத்துவத் தேடலையும் ஒரே பெட்டியில் வைத்துவிட்டேன்.

இதற்குப் பின்னால் இருக்கிற சமாசாரத்தைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு இணையதளத்துக்குப் போனால் அது நம் உலாவியில் ஒரு சின்னக் குறிப்பை வைத்துவிடும். குக்கீ என்று பெயர். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி என்பவர் கண்டுபிடித்தது. கோயில் வாசலில் செருப்பு விடும்போது தருகிற டோக்கன் மாதிரி. திரும்பி வரும்போது இது இவருடைய செருப்பு என்று கடைக்காரருக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. இதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு எங்கே வந்தது என்றால், எல்லாக் கோயில் வாசலிலும் ஒரே காண்ட்ராக்டர் டோக்கன் கடை போட்டபோதுதான். பழமலைநாதர் கோயிலுக்குப் போனது, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனது, திரும்பும்போது நகையை அடகு வைத்தது, எல்லாம் அவருடைய ஒரே நோட்டில் ஏறிவிடுகிறது. விளம்பர நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான தளங்களில் இப்படித்தான் உட்கார்ந்திருக்கின்றன.

பிரைவேட் விண்டோ என்ன செய்கிறது? பழைய டோக்கன் எதையும் எடுத்துப் போகாமல் வெறுங்கையோடு உள்ளே போகிறது. மூடும்போது புது டோக்கன்களையும் போன இடங்களின் பட்டியலையும் அழித்துவிடுகிறது. ஆப்பிளின் சஃபாரியில் 2005இல் வந்தது, குரோமில் 2008இல் வந்தது. ஆனால் குரோமில் எத்தனை இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்தாலும் அத்தனையும் சேர்ந்து ஒரே பெட்டிதான். ஃபயர்ஃபாக்ஸின் பிரைவேட் விண்டோக்களும் அப்படியே. கடைசி ஜன்னலை மூடினால்தான் அழியும். சஃபாரியில் மட்டும் ஒவ்வொரு பிரைவேட் டேப்பும் தனிப்பெட்டி.

பிரைவேட் விண்டோ செய்யாததையும் சொல்லிவிட வேண்டும். இணைய இணைப்புக் கொடுக்கிற நிறுவனத்துக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று தெரியும். ஆபீஸ் கணினி என்றால் ஆபீசுக்கும் தெரியலாம். போய்ச் சேர்கிற தளத்துக்கும் உங்கள் இணைப்பின் முகவரி தெரியும். டவுன்லோடு செய்த கோப்பு கணினியிலேயே கிடக்கும். 'இன்காக்னிட்டோ' என்ற பெயரும் தொப்பி கண்ணாடி போட்ட படமும் சேர்ந்து, மாறுவேடம் போட்ட மாதிரி நம்மை நினைக்க வைத்துவிடுகின்றன. நான் மட்டும் ஏமாறவில்லை. 2020இல் அமெரிக்காவில் இதற்காகவே கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். 2024 ஏப்ரலில் வெளியான சமரச ஒப்பந்தத்தின்படி, இன்காக்னிட்டோவில் இருந்தவர்களைப் பற்றிய கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஜன்னலைத் திறந்ததும் வருகிற அறிவிப்பையும் மாற்றி எழுதினார்கள்.

என் கருத்து இதுதான். தளத்துக்குத் தளம் தனிப்பெட்டி என்பது நாம் தினமும் ஞாபகம் வைத்துச் செய்கிற வேலையாக இருக்கக்கூடாது. உலாவி செய்கிறவர்களே கட்டிக் கொடுக்க வேண்டிய சுவர் அது. முடியாது என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் ஒருவர் செய்து காட்டிவிட்டார். ஃபயர்ஃபாக்ஸில் 2017இல் கன்டெய்னர் என்று ஒரு நீட்சி வந்தது. வங்கிக்கு ஒரு நிற டேப், கடைக்கு ஒரு நிற டேப் என்று பிரித்து வைக்கலாம். 2018இல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்த உடனே ஃபேஸ்புக்குக்கென்றே தனியாக ஒரு கன்டெய்னர் விட்டார்கள். 2022 ஜூனில், நாம் எதையும் தொடாமலேயே ஒவ்வொரு தளத்தின் குக்கீயும் அந்தந்தத் தளத்தின் பெட்டிக்குள்ளேயே அடைபடும்படி எல்லோருக்கும் செய்துவிட்டார்கள். கூகுளும் மூன்றாம் ஆள் குக்கீயை இரண்டு வருடத்தில் ஒழிக்கிறோம் என்று 2020இல் சொன்னது. தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, 2024இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. இன்காக்னிட்டோவில் மட்டும் தானாகத் தடுக்கிறார்கள். கறுப்பு ஜன்னலில் முடிவது வெள்ளை ஜன்னலில் ஏன் முடியாது? விளம்பரம்தான் அவர்களுக்குச் சோறு. அதைப் புரிந்துகொண்டால் விடையும் புரிந்துவிடும்.

காலையில் கூட நடக்கிற நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "ரிடையர் ஆனவன் சார் நான். எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்றார். அவரும் நானும் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனவர்கள்தான். அங்கே பிராது கட்டுகிற வழக்கம் ஊரறிந்தது. மனதில் உள்ள குறையைக் காகிதத்தில் எழுதி, மடித்து, முனியப்பர் முன்னால் கட்டிவிட்டு வருவோம். "நீங்க கட்டின பிராதை வாசல்ல தேங்காய்க்கடைக்காரர் பிரிச்சுப் படிச்சா சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டேன். "அதெப்படி சார், அது சாமிக்கு எழுதினது!" என்றார். அவ்வளவுதான் விஷயம். பிராதில் எழுதியது குற்றம் இல்லை, அசிங்கமும் இல்லை. ஒரு இடத்தில் சொன்னது அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், அதுதான் அந்தரங்கம்.

இதைச் சட்டமாக்கித் தந்தவரும் நம்மைப் போல ஒரு ஓய்வூதியர்தான். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி, 2012இல் தமது 86ஆவது வயதில், ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். பிறகு 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அதே சுலபத்தில் திரும்பப் பெறலாம் என்று அதில் இருக்கிறது. நல்ல வார்த்தை. நடைமுறையில் முழுதாக வருகிறவரை நம் பெட்டியை நாமே மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

நான் இப்போது கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கோயிலில் எல்லாமே ஐந்து ஐந்தாக இருக்கும், இதுவும் ஐந்துதான்.

ஒன்று, ஒரு பிரைவேட் விண்டோவில் ஒரு வேலை மட்டும். முடிந்ததும் எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு, அடுத்த வேலைக்குப் புதிதாகத் திறக்கிறேன்.

இரண்டு, நோய் பற்றித் தேடும் ஜன்னலில் மெயில் திறப்பதில்லை.

மூன்று, வங்கிக்குத் தனியாக ஒரு உலாவி. அதில் வேறெதுவும் பார்ப்பதில்லை.

நான்கு, கணினி மையத்திலோ அடுத்தவர் வீட்டிலோ மெயில் பார்க்க நேர்ந்தால் பிரைவேட் விண்டோவில்தான். லாக் அவுட் செய்து, மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

ஐந்து, டி.வி.யில் மனைவி பெயரில் தனிக் கணக்கு.

இதெல்லாம் பெரிய பூட்டு இல்லை. தீர்மானித்தவன் வேறு வழியில் கண்டுபிடிப்பான். ஆனாலும் பிள்ளையார் கன்னம் சிவக்காமல் இருக்கிறது.

இப்போது டி.வி.யில் கோலமும் சமையலும்தான் வருகின்றன. போன வாரம் முழங்கால் வலிக்காக ஏதோ தேடிக்கொண்டிருந்தேன். தேடி முடித்து, ஜன்னலை மூடிவிட்டு, அடுப்படிக்குப் போய் மனைவியிடம் நானே சொன்னேன். "தைலம் தேச்சு விடவா?" என்று கேட்டார்.

உங்கள் வீட்டு டி.வி. யார் பெயரில் இருக்கிறது? ஒருமுறை பார்த்துவிடுங்கள்.