ஊர் பேர் தெரியாத சரக்கு

"குடும்பத்தோடு போய்க் குடித்துவிட்டு வந்தீராமே?" என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்டவர் யோக்கியர். காந்தி பக்தர். என் பேத்தியின் எதிர்காலத்தைப் பற்றி என்னைவிட அதிகமாகக் கவலைப்படுகிறவர். நேரில் நான் சொன்ன பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை. எனக்கும்தான். ஆகவே எழுதிச் சொல்கிறேன்.

ஆமாம், குடித்தேன். தூரின் நகரில் வேலை பார்க்கும் என் பெண்ணும் மாப்பிள்ளையும், நானும் என் மனைவியும், ஏழு வயதுப் பேத்தியுமாக ஐந்து பேர் ஒரே காரில் தெற்கே லாங்கே குன்றுகளுக்குப் போனோம். இத்தாலியின் பீட்மாண்ட் மாகாணத்தில் பரோலோ என்ற மது விளைகிற பூமி அது. அக்டோபர் மாதம், அறுவடைக் காலம். 2014-இல் யுனெஸ்கோ இந்தத் திராட்சைத் தோட்டங்களை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. எங்களுக்குக் கதவு திறந்தவரோ, விரல் நகமெல்லாம் திராட்சைக் கறை ஏறிய ஒரு சம்சாரி.

அவர் வீட்டு மேஜையில் முதலில் வந்தது மது அல்ல, சோறு. சோறு என்றால் அவர்கள் சோறு. சிறிய மண்சட்டி, அதன் கீழே ஒரு விளக்கு. சட்டியில் ஆலிவ் எண்ணெயும் பூண்டும் கரைந்துபோன மீனும். பச்சைக் குடமிளகாயையும் முட்டைக்கோசு இலையையும் அதில் தோய்த்துத் தின்ன வேண்டும். 'பாஞ்ஞா கவுடா' என்று பெயர் சொன்னார்கள். என் மனைவி தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. ஒரு வாய் தின்றுவிட்டு, "நெத்திலி!" என்றாள். நெத்திலியேதான். கடற்கரையிலிருந்து உப்புப் போட்டு மலை ஏறி வந்த நெத்திலி.

அதற்குப் பிறகுதான் கோப்பை வந்தது. இரண்டு விரற்கடை மது. கொட்டைப்பாக்கின் துவர்ப்பு. வண்டி ஓட்டவேண்டிய மாப்பிள்ளை வாயை நனைத்துக்கொண்டு துப்பினார். அதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள். பேத்திக்குத் திராட்சைச் சாறு. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் தள்ளாடவில்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை. இதுதான் ஐயா, நாங்கள் குடும்பத்தோடு குடித்த கதை.

நான் அங்கே பார்த்து அதிசயித்தது மதுவை அல்ல, சீட்டை. பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டில் ஊர் பெயர், தோட்டத்தின் பெயர், அறுவடை ஆண்டு, செய்தவர் பெயர் எல்லாம் இருந்தன. பரோலோ என்று எழுத வேண்டுமானால் குறிப்பிட்ட 11 ஊர்களில் விளைந்த நெபியோலோ திராட்சையாக இருக்கவேண்டும். 38 மாதமாவது காத்திருக்கவேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். ஒரே குன்றின் இந்தச் சரிவுக்கு ஒரு பெயர், அந்தச் சரிவுக்கு ஒரு பெயர்.

இதைக் கேட்டதும் எனக்கு என் மாமனார் ஞாபகம் வந்தது. எண்பதுகளின் முற்பாதியில், கள்ளுக்கடைகள் திறந்திருந்த காலத்தில், புது மாப்பிள்ளையாக அவர் ஊருக்குப் போயிருந்தேன். விளைக்கு அழைத்துப்போய்ப் பனையோலைப் பட்டையில் கள் ஊற்றிக் கொடுத்தார். தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாடு. பக்கத்தில் நின்ற பனையேறி, "இது கிணத்தடி மரத்துக் கள்ளு, இனிப்பாத்தான் இருக்கும். மேட்டு மரத்துது காரமா இருக்கும்" என்றார். சீட்டு ஒட்டவில்லையே தவிர, அவருக்கும் ஊரும் மரமும் நாளும் தெரிந்திருந்தன. லாங்கேயில் அந்த அறிவுக்குச் சட்டம் காவல் நிற்கிறது. நம் ஊரில் அந்த அறிவைப் போலீஸ் தேடுகிறது.

"அப்படியானால் இத்தாலிக்காரன் உத்தமனோ?" என்பார் நண்பர். இல்லை. 1986 மார்ச்சில், அதே குன்றுகளுக்கு எதிரே, தானரோ ஆற்றுக்கு அக்கரையில் உள்ள நார்ஸோலே என்ற ஊரிலிருந்து விஷ மது கிளம்பியது. சத்தில்லாத மலிவு ஒயினுக்குக் காரம் ஏற்ற மெத்தனாலைக் கலந்தார்கள். 20 பேருக்கு மேல் செத்தார்கள். பலருக்குக் கண் போயிற்று. செத்தவர்கள் குடித்தது தோட்டத்தின் பெயர் எழுதிய மது அல்ல. ஊர் பேர் தெரியாத சரக்கு.

அந்த அவமானத்துக்குப் பிறகு இத்தாலி என்ன செய்தது? பரிசோதனையை இறுக்கியது. கலந்தவர்களைக் கூண்டில் ஏற்றியது. மலிவை நம்பிப் பிழைத்த தொழில் பெயரை நம்பிப் பிழைக்கக் கற்றுக்கொண்டது. திராட்சைக் கொடியை யாரும் வெட்டவில்லை.

அதற்கு ஒன்பது மாதம் கழித்து, 1987 பிறந்தபோது, நம் மாநிலத்தில் சாராயத்தோடு சேர்த்துக் கள்ளையும் மூடினோம். கள்ளில் கலப்படம் செய்தார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் கலந்தவனைப் பிடிப்பதா, மரத்தைப் பிடிப்பதா? பனையேறியை இறக்கிவிட்டோம். 2003 முதல் பாட்டில் கடைகளை அரசாங்கமே நடத்துகிறது. அந்தப் பாட்டிலின் பெயரைப் பார்த்து எந்த ஊர் மண்ணில் விளைந்தது என்று யாராவது சொல்லமுடியுமா? அதுவும் வாங்கமுடியாத ஏழை பாக்கெட் சாராயத்துக்குப் போனான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 65 பேருக்கு மேல் மாண்டார்கள். அதே மெத்தனால். 38 ஆண்டு இடைவெளியில் இரண்டு தேசம், ஒரே விஷம், ஒரே மாதிரியான ஏழைகள்.

குறளில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே இருப்பது எனக்குத் தெரியும். யவனர் கப்பலில் வந்த மதுவைப் பாடிய புறநானூறும், இத்தாலிய மது ஜாடிகளின் ஓடுகள் கிடைத்த அரிக்கமேடும் நம்முடையவைதாம். பண்பாட்டைச் சாட்சிக்கு அழைத்தால் அது இரண்டு பக்கமும் பேசும். மது உடம்புக்கு நல்லது என்றும் நான் வாதிடவில்லை. 1988-லேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய்க் காரணங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. குடிக்காதவர் பாக்கியசாலி. அவரைக் குடிக்கச் சொல்கிறவன் அயோக்கியன்.

ஆனால் குடிக்கிறவன் எதைக் குடிக்கிறான் என்று தெரிந்துகொள்ளக்கூடாதா? மேஜைக்கு வந்து, சோற்றோடு, பெண்டு பிள்ளைகள் பார்க்கக் குடிக்கிறவனுக்கு ஒரு வெட்கம் இருக்கும். சந்தில் நின்றபடி ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்கிறவனுக்கு அந்த வெட்கத்தையும் நாம் விட்டுவைக்கவில்லை. விலையைப் பார்த்துப் பரோலோ வாங்கி விருந்தாளிக்குக் காட்டுகிற சென்னைக் கனவானும் எனக்கு உறவல்ல. அவர் படிப்பது சீட்டில் உள்ள ஊரையல்ல, தொகையை. அவருக்கும் அது ஊர் பேர் தெரியாத சரக்குதான்.

லாங்கேயும் ஒரு காலத்தில் பட்டினிச் சீமை. அந்த மண்ணின் நாவலாசிரியர் பெப்பே ஃபெனோல்யோ 1954-இல் வெளியிட்ட 'லா மலோரா'வில் அந்த வறுமையைக் காணலாம். பெயர் வந்த பிறகு சோறு வந்தது. நம் பனையேறிக்கு அந்தப் பெயர் கிடைக்கவே இல்லை. கிடைத்தது வழக்கு.

திரும்பி வரும்போது பேத்தி, "தாத்தா, நம்ம ஊர்ல இப்படி மரத்துக்குப் பேர் வெப்பாங்களா?" என்று கேட்டாள். வைத்திருந்தார்கள் அம்மா என்றேன். வைத்தவர் எங்கே என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நான் நண்பரிடம் கேட்கிறேன்.