அட்டையா, பதிவிறக்கமா?

கையடக்க வீடியோ விளையாட்டுகளை அட்டையாக வாங்குவதைவிடப் பதிவிறக்குவதே மேல் என்பர் பலர். தொலைந்துபோகும் என்ற கவலை இல்லை; உண்மைதான். ஆயினும் நாங்கள் அட்டையின் பக்கமே நிற்கிறோம்.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் தன் 3டிஎஸ் கருவிக்கென நடத்திய இணையக்கடையில் 2023 மார்ச் 27-இல் விற்பனை நின்றது. முன்பே வாங்கியவர்கள் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் பதிவிறக்கமாக மட்டுமே வெளிவந்த விளையாட்டுகளைப் புதிதாக வாங்க வழியில்லாது போயிற்று. அட்டைகளோ இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன!

அட்டையைத் தோழிக்கு இரவல் தரலாம். ஆடி முடித்தபின் விற்று அடுத்ததை வாங்கலாம். வீட்டில் கேட்டுக் காசு பெறும் எங்களுக்கு இது சிறிய காரியமா? ஸ்விட்ச் கருவியில் பதிவிறக்கியதையும் இரவல் தர 2025-இல் வழி செய்தார்கள். அதுவும் குடும்பக் குழுவுக்குள், ஒரு தடவைக்கு 14 நாள் மட்டுமே. விற்கவோ முடியாது. (ஸ்விட்ச் அட்டையில், குழந்தைகள் விழுங்காதிருக்கக் கசப்புப் பூச்சு உண்டு. வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம், வேம்பே தோற்றுவிடும்!)

2025 ஜூன் 5-இல் வந்த ஸ்விட்ச் 2 கருவிக்குரிய சில அட்டைகளுக்குள் விளையாட்டே இல்லை. அவை வெறும் திறவுகோல். விளையாட்டை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். பெட்டியின் முகப்பில் அறிவிப்பு இருக்கும். காசு கொடுக்குமுன் அதைப் படிக்கும்படி தோழியரைக் கேட்டுக்கொள்கிறோம்.