வண்டி போக இடமிருந்தால் போதுமா?

வீவக புளோக்குகளின் கீழேயும் கூட்டுரிமை வீடுகளின் வளாகங்களிலும், ‘தீயணைப்பு வண்டிக்கான வழி, தடை செய்யாதீர்’ என்ற பொருளில் அறிவிப்புப் பலகைகள் இருக்கும். சில நேரங்களில் அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே ஒரு காரும் நிற்கும். கேட்டால், “இரண்டு நிமிடம்தான். வண்டி போக இடம் இருக்கிறதே!” என்று பதில் வரும்.

இந்தப் பதிலில்தான் சிக்கல். அந்த இடம் வண்டி போவதற்கு மட்டுமல்ல, நின்று வேலை செய்வதற்கும்தான். சிங்கப்பூரின் தீப் பாதுகாப்பு விதிகள் இரண்டையும் பிரித்தே சொல்கின்றன. தீயணைப்பு வண்டி வந்து சேரும் சாலை குறைந்தது 4 மீட்டர் அகலம் இருந்தால் போதும். கட்டடத்தை ஒட்டி அது நின்று செயல்படும் பாதையோ குறைந்தது 6 மீட்டர் இருக்க வேண்டும். ஏணி பொருத்திய வண்டி சாய்ந்துவிடாமல் இருக்க, இருபக்கமும் கால்களை நீட்டி ஊன்ற வேண்டும். கார் ஒன்றின் அகலம் சுமார் 1.8 மீட்டர். அது ஓரமாக நின்றாலும் மிஞ்சுவது 4 மீட்டர் சொச்சம்தான். வண்டி உள்ளே வந்துவிடும். ஆனால் கால்களை முழுமையாக விரிக்க இடம் போதாமல் போகலாம். மேல்மாடியில் சன்னலோரம் காத்திருப்பவருக்கு, வண்டி வந்தும் பயனில்லை.

பாதையை எப்படி அடையாளப்படுத்த வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. நுழையும் இடத்தில் உள்ள பலகையின் எழுத்துகள் 50 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பாதையின் இருபுறமும் 3 மீட்டருக்கு மேற்படாத இடைவெளியில், இரவிலும் கண்ணுக்குத் தெரியும் குறிகள் வேண்டும். சில வளாகங்களில் துளையிட்ட தளக்கற்களுக்கிடையே புல் வளர்ந்திருக்கும். நமக்கு அது வெறும் புல்வெளி. குறிகள் இல்லையென்றால், பாதை எங்கே முடிகிறது என்பது தீயணைப்பாளருக்கும் இருட்டில் தெரியாது.

இவ்வளவு கவனமாக அளந்த விதிகள், காரணத்தை மட்டும் வாகனமோட்டியிடம் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. ஏணி வண்டி கால் ஊன்றி நிற்கும் படம் ஒன்றையும், ‘முழு அகலமும் தேவை’ என்ற ஒரு வரியையும் பலகையில் சேர்க்கலாமே. எந்த மொழி பேசுபவருக்கும் படம் புரியும்.

அபராதம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நேரத்தோடு போட்டி போடும் விநியோக ஊழியருக்கு, பக்கத்தில் நிறுத்த வேறு இடமே இல்லாவிட்டால் அவர் என்ன செய்வார்? பொருள்களை ஏற்றி இறக்க ஓர் இடத்தை ஒதுக்குவது கட்டட நிர்வாகத்தின் பொறுப்பு.

நம் பங்கும் இருக்கிறது. விடுதிக்குச் சாமான்களுடன் குடிபோகும் நாளிலும், தனியார் வாடகைக் காருக்குக் காத்திருக்கும்போதும், உணவு வரவழைக்கும்போதும், வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நாம்தான் சொல்கிறோம். கார்நிறுத்துமிடத்தையோ இறக்கிவிடும் இடத்தையோ சொல்வோம். கூடுதலாக நூறு அடி நடந்தால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.